அம்மாவின் குரல் எந்தப் பக்கத்தில் திரும்பி வந்தது?

ஒரு மாயக் கதைத் தொடரின் ஆசிரியருக்கும் அதன் பதிப்புக் குழுவினருக்கும் திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் 22 ஆண்டுகளாக வாடகை நூல் நிலையம் நடத்திவருகிறேன். உங்கள் தொடரின் ஆறு பாகங்களும் இப்போது என் மேசைமேல் அடுக்கியிருக்கின்றன. தொடரின் பெயரையும் உங்கள் பெயர்களையும் இந்த மடலில் எழுதவில்லை. படித்தவர்கள் கண்டுகொள்வார்கள். படிக்காதவர்கள் முன்னால் உங்களைத் தலைகுனிய வைப்பது என் எண்ணமில்லை.

முதல் பாகத்துக்கு மூன்று முறை பைண்டிங் போட்டாகிவிட்டது. முதுகில் ஒட்டிய காலிகோ துணி மறுபடியும் விட்டுப்போய்த் தையல் நூல் வெளியே தெரிகிறது. முன்னட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு நான்காவது சீட்டு. 43-ஆம் பக்கத்தில் தட்டுவடை செட்டின் காரச் சட்னி ஒரு விரல் அளவுக்கு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. தின்கிற கையைக்கூடத் துடைக்க மனமில்லாமல் ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறது. ஆறாம் பாகத்தின் சீட்டில் மொத்தம் ஐந்து தேதிகள். பிரித்தால் இன்னும் அச்சு மை வாசனை அடிக்கிறது. இரண்டையும் எடுத்துப்போனவர்கள் ஒரே பிள்ளைகள்தான்.

இந்த இரண்டு புத்தகங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முதல் பாகத்தில் நீங்கள் உருவாக்கிய நினைவுமணியைப் போல ஒரு பொருளைச் சமீபத்தில் எந்தத் தமிழ் மாயக் கதையிலும் நான் பார்த்ததில்லை. மணியை ஒரு முறை அடித்தால் கேட்டது நடக்கும். அடித்தவன் தன் நினைவுகளில் ஒன்றை இழப்பான். எதை இழப்பான் என்று முன்கூட்டி அவனுக்குத் தெரியாது. இவ்வளவுதான் விதி. மலைச்சரிவிலிருந்து ஊரைக் காப்பாற்ற அந்தப் பையன் மூன்று முறை அடிக்கிறான். முதலில் நீச்சல் மறந்துபோகிறது. அடுத்து நண்பனின் பெயர். மூன்றாவதாக என்ன போயிற்று என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. களைத்துப்போய் வீட்டு வாசலில் வந்து உட்காருகிறான். உள்ளேயிருந்து ஒரு பெண் அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். 'நம் வீட்டுக்குள் யார் பேசுகிறார்கள்?' என்று திரும்பிப் பார்க்கிறான். அத்துடன் பாகம் முடிகிறது.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கடையை அடைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். மறுநாளே இன்னும் இரண்டு பிரதிகள் வரவழைத்தேன்.

மூன்றாம் பாகத்துப் போரில் அதே பையன் அதே மணியை 11 முறை அடிக்கிறான். ஒன்றும் மறக்கவில்லை. ஏன் மறக்கவில்லை என்று ஒரு வரி கிடையாது. ஐந்தாம் பாகத்தில் மணி உடைகிறது. 'மறந்தவை எல்லாம் அவனுக்குத் திரும்ப வந்தன' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே குதிரையில் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள்.

அந்த வாரம் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி ஐந்தாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "மாமா, அவனுக்கு அம்மாவின் குரல் எந்தப் பக்கத்தில் திரும்பி வந்தது? நான் ஏதோ பக்கத்தை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு முறை தேடிவிட்டேன்" என்றாள். தவறு தன்னுடையது என்றே அந்தக் குழந்தை நினைத்தது. அச்சான புத்தகத்தில் தவறு இருக்கும் என்று அதற்குத் தோன்றவே இல்லை. அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி நானும் தேடுவதுபோலப் புரட்டினேன். இல்லை என்று தெரிந்தும் புரட்டினேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய மடல் இது.

உங்கள் தரப்புப் பதில் எனக்குத் தெரியும். புத்தகத் திருவிழாவில் உங்கள் அரங்கில் நின்றவரிடம் இதைச் சொன்னேன். "மாயக் கதைதானே ஐயா, இதில் எதுவும் நடக்கலாம்" என்று சிரித்தார். அவர்மேல் கோபமில்லை. ஆனால் அந்தப் பதிலை ஏற்க முடியாது. ஏனென்றால் மாயக் கதை நமக்குப் புதிதல்ல. அதைச் சரியாகச் சொல்லிக் காட்டியவர்கள் நம் மொழியிலேயே இருக்கிறார்கள்.

சாத்தனாரின் மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிமேகலா தெய்வம் அவளுக்கு வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தைக் கொடுக்கிறது. தன்னை விரும்பித் துரத்தும் அரசகுமாரன் உதயகுமரனிடமிருந்து தப்பிக்க, சாபத்தால் தீராப் பசியோடு அலையும் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். ஆனால் காயசண்டிகைக்கு ஒரு கணவன் இருக்கிறான். 12 ஆண்டு சாபம் முடிந்து மனைவி திரும்புவாள் என்று காத்திருந்துவிட்டு, அவளைத் தேடிப் பூம்புகாருக்கே வந்துவிடுகிறான் காஞ்சனன். தன் மனைவி முகத்தோடு ஒருத்தி தன்னைக் கண்டும் காணாததுபோல ஓர் அரசகுமாரனிடம் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். அன்றிரவு உதயகுமரன் வெட்டுண்டு கிடக்கிறான். ஒரே ஒரு மந்திரம். அதிலிருந்து ஒரு கொலை, ஒரு தாயின் பழிவெறி, ஒரு சிறைவாசம். எதையும் சாத்தனார் பாதியில் விட்டுவிடவில்லை. உண்மையான காயசண்டிகை என்ன ஆனாள் என்பதற்குக்கூடக் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த காதைக்கு, அதாவது அடுத்த அத்தியாயத்துக்கு, போகிறார்.

அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் அப்படித்தான். அதை வைத்திருந்த ஆபுத்திரனை இந்திரன் எப்படித் தோற்கடித்தான்? பாத்திரத்தைப் பிடுங்கவில்லை, உடைக்கவில்லை. நாடெங்கும் மழை பெய்ய வைத்தான். விளைச்சல் பெருகியது. பசித்தவர் இல்லை. பாத்திரம் வற்றவில்லை, அதன்முன் கை நீட்ட ஆள் வரவில்லை. தீராத பொருளுக்கும் ஓர் எல்லை வைத்து, அந்த எல்லையை எவ்வளவு அழகான இடத்தில் வைத்திருக்கிறார் பாருங்கள்!

காப்பியம் எட்டாத உயரம் என்று தோன்றினால், கஞ்சமலைக்கு வாருங்கள். சேலத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற மலை. அடிவாரத்துச் சித்தர் கோயிலுக்கு அமாவாசைதோறும் கூட்டம் வரும். அந்த மலையைப் பற்றி என் பாட்டி சொன்ன கதை இது. ஒரு குரு, வயதான தன் சீடனைச் சமைக்கச் சொல்லிவிட்டு வெளியே போகிறார். சோறு பொங்கி வழிகிறது. அகப்பை இல்லை. பக்கத்தில் கிடந்த குச்சியை எடுத்துக் கிளறுகிறான். சோறு கறுத்துப்போகிறது. குரு திட்டுவாரே என்று பயந்து அந்தக் கறுத்த சோற்றைத் தானே தின்றுவிட்டு, குருவுக்கு வேறு உலை வைக்கிறான். திரும்பிவந்த குரு, பால் வடியும் முகத்தோடு நிற்கும் சிறுவனைப் பார்த்துத் திகைக்கிறார். குச்சி எங்கே என்று பதறுகிறார். அதை அவன் அடுப்பில் செருகிவிட்டான்.

இந்தக் கதையில் மந்திரவாதி இல்லை, மின்னல் இல்லை. வேலை கெட்டதை மறைக்கப் பார்க்கும் ஒரு சீடனின் பயம் இருக்கிறது. அந்தப் பயம் எனக்கும் தெரியும் என்பதால் கறுத்த சோற்றையும் நம்பிவிடுகிறேன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குச்சி என்ன ஆயிற்று என்பதை மட்டும் அவள் ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அலிபாபா நினைவு வரும். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக 1956-இல் அந்தக் கதையை எடுத்த இடம் அது. குகையைத் திறக்கும் சொல் அலிபாபாவின் அண்ணன் காசிமுக்குத் தெரியும். உள்ளே போனதும் பொன்னைப் பார்த்த மயக்கத்தில் சொல் மறந்துவிடுகிறது. கதை அவனுக்கு இரக்கம் காட்டவில்லை. சொல் மறந்தால் கதவு திறக்காது என்பது விதி, அதனால் திறக்கவில்லை. உங்கள் மூன்றாம் பாகமாக இருந்தால் அந்தக் கதவு எப்படியாவது திறந்திருக்கும். அதுதான் என் வருத்தம்.

அடுத்தது உங்கள் தமிழ். இதைச் சொல்லத் தயங்கினேன், ஏனென்றால் முதல் பாகத்தின் தமிழ் அப்படி இல்லை.

நான்காம் பாகத்தில், 'தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததையே அறியாமல் பிடித்திருந்த மூச்சை விட்டான்' என்ற வாக்கியமும் அதன் தம்பி தங்கைகளும் வருமிடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 19 கோடுகள். எல்லோரும் தோள்களைக் குலுக்குகிறார்கள். எல்லோருக்கும் ஒரு புருவம் மட்டும் தனியாக உயர்கிறது. இவை எங்கிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியும். வேற்றுமொழிக் கதையில் அந்த ஊர் மனிதர்கள் செய்வதை, அச்சுப் பிசகாமல் நம் ஊர்ச் சிறுவன்மேல் மாட்டிவிட்டிருக்கிறீர்கள்.

ஓரிடத்தில் அந்தப் பெண், தோழன் சொன்னதை அலட்சியப்படுத்தி 'கண்களை உருட்டினாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் படிக்க வரும் ஒரு பையன், "அவள் ஏன் அவனை மிரட்டுகிறாள்?" என்று கேட்டான். அவன் கேட்டதுதான் சரி. நம் வீடுகளில் கண்ணை உருட்டுவது பிள்ளையை மிரட்டுவதற்கு. அலட்சியத்துக்கு நம் பெண்கள் முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொள்வார்கள். உதட்டைச் சுழிப்பார்கள். 'ஆமாம்' என்ற சொல்லையே இழுத்து இல்லை என்று பொருள்படச் சொல்வார்கள். தெரியாதென்றால் உதட்டைப் பிதுக்குவோம், கையை விரிப்போம். ஒரு தமிழ் உடம்பு பேசும் பேச்சு இவ்வளவு இருக்க, குலுக்குவதற்குத் தோளைத் தவிர வேறு எதுவும் உங்களுக்குக் கிடைக்கவில்லையா? கிடைத்திருக்கிறது. முதல் பாகத்தில் அந்தத் தாய், சோற்றுக் கையின் புறங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுகிறாள். அதை எழுதியவர் நீங்கள்தானே?

அரசவைப் பேச்சுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரே ஆள் ஒரே மூச்சில் 'யாம்' என்றும் 'நான்' என்றும் பேசுகிறான். ஒரு வாசிப்புப் போதும், சரிசெய்துவிடலாம்.

மலைக்கு வருகிறேன். உங்கள் கதை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நடக்கிறது என்று அறிந்ததும் இந்த ஊர்ப் பிள்ளைகள் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வாந்தி எடுக்காமல் எண்ணிக்கொண்டு ஏறிய மலை ஒரு கதைக்குள் வருகிறது என்றால் சும்மாவா? ஆனால் நான்காம் பாகத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உங்கள் வீரன் காப்பிச் செடிகளுக்குள் ஒளிந்துகொள்கிறான். சேர்வராயனுக்குக் காப்பி வந்ததே 1820-களில்தான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அதே அத்தியாயத்தில் காப்பி வெள்ளை வெளேரென்று பூத்திருக்கிறது; பக்கத்திலேயே பெண்கள் சிவந்த பழம் பறிக்கிறார்கள். கோடை மழைக்குப் பூப்பதும் கார்த்திகை, மார்கழியில் பழம் எடுப்பதும் ஒரே நாளில் நடக்கிறது. முழங்கால் அளவு பனி வேறு கொட்டுகிறது. அடிவாரத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரை நாழிகையில் உச்சிக்கு ஓடிவிடுகிறான். அரை நாழிகை என்றால் 12 நிமிடம். பஸ்ஸே ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

மாயத்தால் பறந்தான் என்று எழுதியிருந்தால் ஒரு பிள்ளையும் கேள்வி கேட்டிருக்காது. ஓடினான் என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்.

இத்தனைக்கும் அந்த மலை தானாகவே ஒரு மாயக் கதையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறது. 5,300 அடிக்கு மேல், மரமில்லாத மொட்டை உச்சியில் சேர்வராயன் கோயில். கோயில் என்றால் குகைதான். குனிந்து உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். அந்தக் குகை நீண்டுகொண்டே போய்க் காவிரியைத் தொடுகிறது என்று மலையில் சொல்வார்கள். ஒரு மலையுச்சியின் வயிற்றுக்குள் ஆற்றுக்குப் போகும் வழி! இதைத் தாண்டிப் போய்த்தான் பனிக்கட்டி மாளிகையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது ஐந்தாம் பாகத்தின் எட்டாம் அத்தியாயம். மலைவாசிகளை நரபலி கொடுப்பவர்களாகவும், குழறிக் குழறிப் பேசுபவர்களாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று அவர்களே பொருள் சொல்வார்கள். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் சாமியைச் சுமந்துகொண்டு வந்ததாகவும், அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறியதாகவும் சொல்லும் கதை அவர்களிடம் இருக்கிறது. உங்கள் ஆறு பாகங்களுக்கும் போதுமான கதை அது.

அந்த மலைமேல் இருக்கும் மாரமங்கலம் பக்கத்திலிருந்து வந்து சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், உங்கள் தொடரை வரிசையாக எடுத்துப்போய்க்கொண்டிருந்தாள். ஐந்தாம் பாகத்தை மறுநாளே கொண்டுவந்தாள். படித்தாயிற்றா என்றேன். "எட்டாம் அத்தியாயம்வரை" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வாடகைப் பணத்தை மேசைமேல் வைத்தாள். வேண்டாம் என்றேன், கேட்காமல் வைத்துவிட்டுப் போனாள். ஆறாம் பாகத்தை அவள் கேட்கவில்லை. இப்போது கடைக்கு வருகிறாள், அறிவியல் புத்தகங்களை மட்டும் எடுக்கிறாள்.

அச்சான பிறகு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தன் 'ஹாபிட்' கதையை 1937-இல் வெளியிட்டார். பின்னால் எழுதிய பெரிய கதைக்கு அதில் வரும் மோதிரத்தின் தன்மை பொருந்தவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். 1951 பதிப்பு அந்தத் திருத்தத்தோடு வந்தது. பழைய வடிவத்தையும் வீணாக்கவில்லை. கதாபாத்திரம் முதலில் சொன்ன பொய் அது என்று கதைக்குள்ளேயே இடம் கொடுத்துவிட்டார். 14 ஆண்டுகளாக மக்கள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைத் திருத்த அவர் வெட்கப்படவில்லை.

நமக்கும் அப்படிப்பட்ட மரபு இல்லாமல் இல்லை. 1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், எழுதியவரோடு உட்கார்ந்து பிரதியைச் செம்மையாக்குவதைப் பதிப்பாளரின் முதல் வேலையாகவே வைத்திருந்தார். உங்கள் புத்தகங்களின் உள்பக்கத்தில் அட்டை வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது. செம்மையாக்கியவர் என்று ஒரு பெயர் ஆறு பாகங்களிலும் இல்லை. ஆசிரியர் அவர்களே, ஆண்டுக்கு ஒரு பாகம் என்று உங்களை ஓடவிட்டு, ஒருவரும் பக்கத்தில் உட்கார்ந்து "11 முறை அடித்தானே, என்ன மறந்தான்?" என்று கேட்கவில்லை. இதில் உங்களைவிட உங்கள் பதிப்புக் குழுவின்மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

ஏழாம் பாகம் கடைசிப் பாகம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதை அவசரப்பட்டு வெளியிடாதீர்கள். ஓர் ஆண்டு தள்ளிப்போனால் பிள்ளைகள் காத்திருப்பார்கள், நான் பொறுப்பு. மூன்றாம் பாகத்திலிருந்து திருத்திய பதிப்பு கொண்டுவாருங்கள். அந்த எட்டாம் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். எடுப்பதற்குமுன் ஒருமுறை மலைக்கு வந்து, நாகலூரிலோ மாரமங்கலத்திலோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பெரியவர்கள் சொல்லும் கதையைக் கேளுங்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்தால் மலை மொத்தமும் அங்கே இருக்கும். அடிவாரத்திலிருந்து நானே அழைத்துப்போகிறேன்.

அம்மாவின் குரல் திரும்பி வருவதை எழுதுங்கள். ஒரு வரியில் வேண்டாம். அவன் எங்கே நின்றுகொண்டிருந்தான், அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாள், யார் குரல் என்று தெரிய அவனுக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று எழுதுங்கள். ஒருவேளை திரும்பவே வராது என்றால் அதையாவது எழுதுங்கள். கேட்ட பெண் இப்போது பத்தாம் வகுப்பு. இன்னும் வருகிறாள், ஏழாம் பாகம் வந்துவிட்டதா என்று இன்னும் கேட்கிறாள்.

என் பென்சில் குறிப்புகளோடு ஆறு பாகங்களையும் உங்கள் அலுவலக முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன். மற்ற ஐந்தையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். முதல் பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள். என்னிடமிருந்த மற்ற இரண்டு பிரதிகளும் ஏடு ஏடாகப் பிரிந்து போய்விட்டன. இதற்கு மூன்று பிள்ளைகள் பெயர் எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
வாடகை நூல் நிலையக்காரர்
அம்மாபேட்டை, சேலம்